எட்டு வாரத் தடை

புதிதாக வெள்ளைக் கோட்டு வாங்கியிருக்கும் தம்பிகளே, நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் கேள்விகளைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பந்து மட்டையில் பட்டுக் காலில் பட்டால் என்ன, விக்கெட் கீப்பர் தொப்பியில் பட்டால் என்ன, நாய் கவ்விக்கொண்டு போனால் என்ன. இதற்கெல்லாம் விதிப் புத்தகம் இருக்கிறதப்பா. பதினேழு வருடம் குவைத் வெயிலில் நின்று கறுத்துப் போனவனிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுவா?

கை தூக்குவது எப்படி என்று இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். மேட்ச் முடிந்தபிறகு, கோட்டைக் கழற்றிய பிறகு, ஒரு மனுஷனைப் பற்றி நீங்கள் எழுதப்போகும் அரைப் பக்க ரிப்போர்ட் இருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கும் அதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. முருகையன் விஷயத்தில் நான் பண்ணிய கூத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈராக் போர் முடிந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். நான் வாரநாட்களில் ஒரு ஏசி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், வெள்ளிக்கிழமையானால் அம்பயர். அப்பாசியாவைத் தாண்டி ஒரு மணல் மைதானம். நடுவில் சிமெண்ட் பிட்ச், அதன்மேல் கயிற்றுப் பாய். சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு, கோட்டின் மேல் இருபது அடிக்கு ஒரு காலி பெயிண்ட் டின். ஒரு பக்கம் பழைய இரும்புக் கிடங்கின் சுவர், அதற்கு அப்பால் சாலை. காலை ஆறு மணிக்கு முதல் பந்து போட்டால் பதினோரு மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும், ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் போக வேண்டும். ஆகவே பத்தரை மணிக்கு மேல் அந்த மைதானத்தில் கொடுக்கப்படும் எந்தத் தீர்ப்பிலும் கொஞ்சம் அவசரம் கலந்திருக்கும்.

ஆடியதெல்லாம் கம்பெனி டீம்கள், கடை டீம்கள். இதில் ஹாஜா பாய் என்று அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர், ஹார்டுவேர் கடை முதலாளி, கிரிக்கெட் பைத்தியம். அவர் டீமுக்கென்று ஊரிலிருந்து விசா போட்டுக் கூட்டி வந்த ஆள்தான் முருகையன். அறந்தாங்கிப் பக்கம். ஊர் ஊராகப் போய் டோர்னமெண்ட் ஆடி, சிக்ஸர் அடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன். விசாவில் ‘ஹெல்பர்’ என்று இருந்தது. கடையில் அவன் ஒரு ஆணியை எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. மற்றப் பையன்கள் முணுமுணுத்தால் ஹாஜா பாய், “அவனுக்கு டூட்டி வெள்ளிக்கிழமைதான். நீ போய் நாலு சிக்ஸர் அடிச்சிட்டு வா, நீயும் ஸ்டூல்ல உக்காரு” என்பார்.

அடித்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆறடி உயரம், பேச்சு குறைவு, முகத்தில் எப்போதும் ஒரு கடுப்பு. அவன் இறங்கினால் பீல்டர்கள் தானாகவே கோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். இரும்புக் கிடங்குச் சுவரைத் தாண்டிப் பந்து போகாத வெள்ளிக்கிழமை கிடையாது.

அடிக்கிறவன் ஒருவன் வந்துவிட்டால் புகார் பின்னாலேயே வரும். மட்டைக்குள் இரும்புக் கம்பி வைத்திருக்கிறான் என்று மூன்று டீம்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தன. லீக் கமிட்டி என்னை விசாரிக்கச் சொன்னது. நான் என்ன எக்ஸ்ரே மிஷினா? மட்டையை எடுத்துக்கொண்டு போய் அப்பாசியாவில் ஒரு மளிகைக் கடையில் வெங்காயத் தராசில் நிறுத்தேன். என் சொந்த மட்டையைவிட இலேசாக இருந்தது. அதை எழுதிக் கொடுத்தால், தராசு சரியில்லை என்று அடுத்த புகார் வந்தது. கடைக்காரர் என்மேல் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் எனக்குச் சில்லறை தரவில்லை.

இன்னொரு முறை சாலையில் போன குவைத்திக்காரர் ஒருவரின் ஜீப் கண்ணாடி நொறுங்கியது. அவர் நேராக மைதானத்துக்குள் வண்டியை விட்டார். யார் அடித்தது என்று கேட்டதும் இருபத்திரண்டு பேரும் என்னைக் காட்டினார்கள், நான்தானே கோட்டுப் போட்டு நிற்கிறேன். நான் முருகையனைக் காட்டினேன். அவர் அவனை மேலும் கீழும் பார்த்து, புஜத்தை அமுக்கிப் பார்த்து, இன்னொன்று அடிக்கச் சொல்லி, அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். ஹாஜா பாய் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அந்தப் பெருமையையே பேசிக்கொண்டிருந்தார்.

அந்த சீசனில் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியது, முருகையன் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான் என்று. கமிட்டிச் செயலாளர் என் காதில் போட்டார். கோட்டுக்குள் நடப்பதுதான் என் வேலை, ஊசியும் மருந்தும் என் வேலை இல்லை என்று விறைப்பாகச் சொன்னேன். என்ன ஊசி, எதற்கு ஊசி என்று அவனையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத்தான் கேட்கும் பழக்கமே கிடையாதே.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எதிர் டீம் பாகிஸ்தானிப் பையன்கள். மணி பத்தே முக்கால். ஹாஜா பாய் டீம் ஜெயிக்க இன்னும் இருபது சொச்சம் ரன் வேண்டும். முருகையன் ஒன்றைத் தூக்கி அடித்தான். பந்து லாங் ஆன் பக்கம் வானத்தில் நின்றது. கோட்டோரம் பீல்டர் பின்னால் போய்ப் பிடித்து, உருண்டு, எழுந்து பந்தைக் காட்டினான். சூரியன் என் கண்ணுக்கு நேரே. நடுவில் புழுதி வேறு. என் கூட்டாளி அம்பயர் லாகூர்க்காரர், டாக்சி ஓட்டுபவர். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “யல்லா, யல்லா” என்று யாரோ அவசரப்படுத்திக் கத்தினார்கள். கையைத் தூக்கிவிட்டேன்.

அடுத்த நொடி, ரன்னுக்காக என் முனை வரை ஓடி வந்திருந்த முருகையனிடமிருந்து ஒரு கத்தல். மட்டை அவன் கையிலிருந்து பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. முகம் கோணிப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். நான்கு பேர் ஓடி வந்து அவனை மறித்துப் பிடித்தார்கள். அவன் மட்டையைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு டின்களைப் பொறுக்க அந்தப் பக்கம் போனேன். கேட்ச் பிடித்த இடத்தில் கோட்டுக்கு வெளியே ஒரு குதிகால் தடம். மணலில் ஆழமாக, அச்சு வார்த்தது போல.  கால் வெளியே என்றால் அது அவுட் இல்லை, சிக்ஸர். நான் கொடுத்த தப்பான தீர்ப்புக்குத்தான் அவன் மட்டையை எறிந்திருக்கிறான்.

தடத்தைப் பார்த்த பிறகும் ரிப்போர்ட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘ஆட்டக்காரர் அம்பயர் மீது மட்டையை எறிந்தார்.’ அவ்வளவுதான். தடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பதினோரு வருட அனுபவம் என்ற திமிர். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, அம்பயர் மீது மட்டை எறிந்தால் என்ன உண்டோ அதைக் கொடுத்தது. எட்டு வாரத் தடை.

திங்கட்கிழமை அதே மளிகைக் கடையில் பேச்சு. முருகையன் கதை கலாஸ், ஹாஜா பாய் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பப் போகிறார், ஆடாதவனுக்கு எதற்குச் சோறு. நான் கையில் தயிர் டப்பாவோடு நின்று கேட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. ஒரு மனுஷனின் பிழைப்பு என் விரலால் போகிறது, அதுவும் தப்பான விரலால். செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் உட்கார்ந்து கமிட்டிக்குக் கடிதம் எழுதினேன். என் தீர்ப்பு தவறு, காலடித் தடத்தை நான் கண்ணால் பார்த்தேன், ஆட்டக்காரரின் கோபம் நியாயம், தடையை நீக்க வேண்டும். கம்பெனி பேக்ஸில் அனுப்பினேன்.

ஒரு அம்பயர் தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தது அந்த லீக்கில் அதுதான் முதல் தடவை. செயலாளர் போன் பண்ணி, “நீங்க பெரிய மனுஷன் சார்” என்றார். புதன்கிழமை தடையை நீக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முருகையன் ஆடலாம், அந்த மேட்சுக்கு நானே அம்பயராக நிற்க வேண்டும், இரண்டு பேரும் கை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். வீட்டுக்காரி, “என்ன, சம்பளம் கூட்டிட்டாங்களா?” என்று கேட்கும் அளவுக்கு.

வியாழக்கிழமை சாயந்திரம் முருகையன் என் பிளாட்டுக்கு வந்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து நானே போய் டீ போட்டேன். அவன் உட்காரவில்லை.

“அண்ணே, ஏன்ணே இப்புடிப் பண்ணுனீங்க?” என்றான்.

“தப்பு என்னோடதுப்பா. அதான் எழுதிக் கொடுத்தேன்” என்றேன் பெருந்தன்மையாக.

“எது தப்பு? அது அவுட்டுண்ணே.”

“கோட்டுக்கு வெளிய கால் தடம் இருந்துச்சு. நானே பாத்தேன்.”

“அதுக்கு முந்துன பந்து பவுண்டரி போச்சுல்ல? அதப் பொறுக்க அந்தப் பய கோட்டத் தாண்டி ஓடுனான். அந்தத் தடம். கேட்ச் புடிச்சது ரெண்டடி உள்ள. நான் ஓடி வந்துகிட்டே இடது கையால வெயில மறைச்சு நல்லாப் பாத்தேன்.”

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். “அப்பறம் எதுக்குய்யா மட்டைய எறிஞ்ச?”

அவன் சட்டையை இறக்கிக் காட்டினான். வலது தோள்பட்டை வீங்கி, ஊசி போட்ட இடங்கள் கறுத்திருந்தன. “எறியலண்ணே. அவுட்டுன்னதும் மட்டையத் தோள்ல போடத் தூக்குனேன். சுருக்குன்னு இழுத்துச்சு, கை விட்டுருச்சு. வலி தாங்காமக் கத்திட்டேன். நாலு பேரு வந்து ரவுடி மாதிரி அமுக்குனாங்க. சரி, ரவுடின்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

தோளில் உள்ளே கிழிந்திருக்கிறது, இரண்டு மாதம் கையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறதாம். வலி மரக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறான். ஏன் ஹாஜா பாயிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பாய் கிட்ட ஒரே ஒரு விசாதான் இருக்கு. ஊர்லேருந்து ரெண்டு பயலுவ ஆடுற சிடி அனுப்பி வெச்சிருக்கானுவ. தோளு போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த பிளைட்டுல என்ன ஏத்திட்டு அதுல ஒருத்தன எறக்கிருவாரு. தடைன்னா அப்புடி இல்லண்ணே. தடைக்கு நான் என்ன பண்ண முடியும்? பாய் உங்களையும் கமிட்டியையும்தான் திட்டிக்கிட்டு இருந்தாரு. என்ன ஒரு வார்த்தை சொல்லல. நாக் அவுட் ஒம்பதாவது வாரந்தான் ஆரம்பிக்குது, அதுவரைக்கும் ரெஸ்ட் எடு, வந்து அவனுவ மூஞ்சில அடின்னு சொன்னாரு. ரெண்டு மாசம் யாருக்கும் தெரியாம ஆத்திக்கலாம்னு இருந்தேன்.”

தம்பிகளே, அங்கே நான் நின்ற நிலையை நினைத்துப் பாருங்கள். பதினோரு வருடத்தில் அந்தப் புழுதியிலும் வெயிலிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த தீர்ப்பு சரியாக இருந்திருக்கிறது. அதைத் தப்பு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேக்ஸ் பண்ணி, ஒருவனுக்குக் கிடைத்த இரண்டு மாத ஓய்வைப் பிடுங்கி, கிழிந்த தோளோடு அவனை மறுபடி மைதானத்துக்கு இழுத்திருக்கிறேன். இதற்குப் பெரிய மனுஷன் என்று பட்டம் வேறு. மளிகைக் கடையில் கேட்டதற்குப் பதில் ஒரே ஒரு முறை அவன் ரூமுக்குப் போய்க் கேட்டிருந்தால் போதும். என் பிளாட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம்.

“நான் பாய்கிட்டப் பேசிப் பாக்கட்டுமா?” என்றேன்.

“மறுபடியுமா?” என்றான்.

பிறகு அவனே வழி சொன்னான். “நாளைக்கு நான் எறங்கும்போது உங்களக் கெட்ட வார்த்தைல திட்டுறேன். பந்து போடுறதுக்கு முன்னாடியே. நீங்க எழுதிக் குடுத்துருங்க. அதுக்கும் எட்டு வாரந்தானே?”

எட்டு வாரம்தான். ஆனால் எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. என்னை அந்த லீக்கில் ஒருவன்கூடத் தகாத வார்த்தை சொன்னதில்லை, புதிதாக வருபவர்களிடம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இருநூறு பேர் முன்னால் அதைக் கொடுக்கச் சொல்கிறான். யோசித்தேன். அவன் தோளைப் பார்த்தேன். “சரி, என்ன சொல்லித் திட்டுவே?” என்றேன்.

அவனுக்கு வாய் வரவில்லை. “உங்களப் பாத்து எப்புடிண்ணே…” என்று தலையைச் சொறிந்தான். ஊரே ரவுடி என்று சொல்லும் ஆள். கடைசியில் நான்தான் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன், என் ஸ்டோரில் லோடு இறக்குபவர்கள் பேசிக்கொள்வது. அவன் சொல்லிப் பார்த்தான். மந்திரம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. “கொஞ்சம் கோபமாச் சொல்லுப்பா” என்றேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை முதல் விக்கெட் விழுந்ததும் முருகையன் வந்தான். கூடாரத்தில் ஹாஜா பாய் எழுந்து நின்று கை தட்டினார். பீல்டிங்கில் அன்றும் பாகிஸ்தானிப் பையன்கள், வேறு டீம். எதிர்முனையில் ஹைதராபாத்காரன் ஒருவன். லாகூர்க்காரர் லெக் பக்கம் நின்றார். பிட்ச் அருகே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். செயலாளர் விருப்பப்படி நான் கையை நீட்டிக்கொண்டு அவனிடம் போனேன்.

அவன் என் கையைப் பார்த்தான். உதடு அசைந்தது, சொல்லிக் கொடுத்த வார்த்தையைத் தேடுகிறான் என்று தெரிந்தது.  பிறகு அவன் கண் மாறியது.

“ஒன்ன யாருய்யா கேட்டா?” என்றான்.

நான் நீட்டிய கை அப்படியே நின்றது.

“ஒங்கிட்ட வந்து நான் கேட்டனா? அவுட்டுன்ன, போனேன். தடைன்னாங்க, கெடந்தேன். மூணு வாரமாத் தூங்கலய்யா நான். வலிக்குதுன்னு வாயத் தொறக்க முடியாது எனக்கு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வந்து, என்னடா ஒனக்குன்னு கேட்டியா? கடையில நின்னு எவனோ சொன்னதக் கேட்டுட்டுப் போயிக் காகிதம் எழுதுற. நீ நல்லவன்னு பேரு வாங்க ஒனக்கு என் தோளுதான் கெடச்சுதா?”

குரல் உடைந்து கத்தினான். விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினான். சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூட அதில் இல்லை. லாகூர்க்காரர் ஓடி வந்து, “அரே, காலி மத் தோ!” என்று இடையில் விழுந்தார். திட்டாதே என்கிறார். ஹைதராபாத்காரன் அவனைப் பின்னால் இழுத்தான், நல்லவேளை, இடது கையைப் பிடித்து. முருகையன் மட்டையை இடது கையில் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கூடாரத்திலிருந்து ஹாஜா பாய் என்னைத் திட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மீதி ஆட்டத்தில் எத்தனை பந்து எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு ஓவர் ஏழு பந்து போனது என்று பிறகு சொன்னார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையையும் சேர்த்து எட்டு வாரம் கொடுத்தார்கள். ஒன்பதாவது வாரம் அவன் ஆடினான், சுவரைத் தாண்டி இரண்டு அடித்தான் என்று கேள்விப்பட்டேன். அவன் ஆடும் மேட்சுகளில் என்னைப் போட வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. அதற்கப்புறம் மூன்று சீசன் அதே விசாவில் இருந்தான். தோளைப் பற்றி ஹாஜா பாய்க்குக் கடைசிவரை தெரியாது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவான். நின்று பேசியதில்லை.

பொய் ரிப்போர்ட் எழுதக்கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவனைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அது அவனைத் தண்டிக்கவோ காப்பாற்றவோ, அவனிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். விதிப் புத்தகத்தில் இது இல்லை. தேடாதீர்கள்.

அன்றைய ரிப்போர்ட்டை கார் பானெட்டில் வைத்து எழுதினேன். ‘ஆட்டக்காரர் அம்பயரைத் தகாத வார்த்தைகளால் திட்டினார்.’ லாகூர்க்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சாயந்திரம் செயலாளர் போன் பண்ணினார். பதிவுக்கு வேண்டும், என்ன வார்த்தை என்று குறிப்பிட்டு எழுதுங்கள் என்றார். நான் மறுபடி பேனாவை எடுத்து, அவன் கேட்டதை எல்லாம் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு, ‘வெளியே சொல்ல முடியாத வார்த்தைகள்’ என்று எழுதி அனுப்பினேன்.